ஆனைமலைக்கு ஆறு பஸ்: ஒரு பீகிள்போன் பெட்டியை மில்லில் நிற்கவைத்த கதை

நிரல் எழுத எனக்கு மூன்று மாலைகள் போதுமானதாக இருந்தன. அதே நிரல் ஒரு நார் மில்லின் சுவரில், நான் பக்கத்தில் இல்லாமல் தானாக ஓடுவதற்கு ஏழு மாதம் ஆனது. நடுவில் கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து ஆனைமலை டவுன் பஸ் என்று ஆறு தடவை போய் வந்தேன். ஆறுக்கும் ஆறு காரணம். அதில் ஒன்றுகூட வீட்டு மேசையில் தலைகாட்டவில்லை.

வேலை இதுதான். நண்பனின் அண்ணன் ஆனைமலைக்குப் பக்கத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் மில் வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்துப் பேச்சில் மஞ்சி மில். மட்டை தீர்ந்த பிறகும் மோட்டார்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஈபி பில் ஏறுகிறது என்று அவருக்குச் சந்தேகம். மூன்று மோட்டாருக்கும் தனித்தனி பேனல் மீட்டர் ஏற்கெனவே இருந்தது. மூன்றிலும் ஆர்எஸ்-485 என்ற கம்பித் தொடர்பு முனை உண்டு, இப்படிப்பட்ட கருவிகளின் பொதுமொழியான மாட்பஸ் பேசும். ஐந்து நொடிக்கு ஒரு தடவை மூன்றையும் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை 4ஜி டாங்கிள் வழியாக, எம்க்யூடிடி என்ற சேதி அனுப்பும் முறையில் ஒரு சர்வருக்கு அனுப்ப வேண்டும். மோட்டார் பத்து நிமிடத்துக்கு மேல் வெற்றாக ஓடினால் அண்ணன் போனுக்குச் சேதி போக வேண்டும். அவ்வளவுதான்.

போர்டு பீகிள்போன் பிளாக், ஒரே பலகையில் அடங்கும் சின்ன லினக்ஸ் கணினி. அலசித் தேர்ந்தெடுத்ததில்லை, டிராயரில் கிடந்தது. 1 கிகாஹெர்ட்ஸ் ஏஎம்3358 சிப், 512 எம்பி ரேம், போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். இந்த இஎம்எம்சிக்காகவே இதைப் பிடிக்கும். எஸ்டி கார்டு மாதிரி அதிர்வில் கழன்று வராது, யாரும் உருவிக்கொண்டு போய் போனில் போட்டுக்கொள்ளவும் முடியாது. அதில் லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 11 ஏற்றியிருந்தேன்.

நிரலைச் சி மொழியில் எழுதினேன். பைத்தானில் எழுதியிருந்தால் அடுத்த நான்கு பத்திகளுக்கு அவசியமே இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் லேப்டாப்பில் உபுண்டு 22.04. போர்டின் ஆர்ம் சிப்புக்கான பைனரியை லேப்டாப்பிலேயே கட்டித்தரும் கிராஸ் கம்பைலரை நிறுவி, கம்பைல் செய்து, போர்டுக்கு நகலெடுத்து ஓட்டினால், ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படைச் சி நூலகம்) 2.34 இல்லை என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. லேப்டாப்பில் இருப்பது ஜிலிப்சி 2.35, டெபியன் 11-இல் இருப்பது 2.31. புதிய சி நூலகத்தோடு இணைத்த பைனரி பழைய நூலகத்தில் ஓடாமல் போகலாம் என்பது தெரிந்ததுதான். ஆனால் நான் புதிதாக வந்த சார்பு (ஃபங்ஷன்) எதையும் கூப்பிடவே இல்லை. பிறகு ஏன்? சந்தேகத்துக்கு, ஒரு வரி அச்சிடும் நிரலைக் கம்பைல் செய்து பார்த்தேன். அதுவும் அதே பிழையோடு விழுந்தது.

2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல், அதுவரை தனியாக இருந்த த்ரெட் நூலகத்தை முதன்மை நூலகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில், நிரலின் நுழைவாயிலான மெயினைக் கூப்பிடுகிற தொடக்கச் சார்புக்கே புதிய பதிப்பு முத்திரை விழுந்துவிட்டது. மெயின் இல்லாத நிரல் ஏது? அதனால் 2.34-லோ அதற்குப் பிறகோ இணைத்த எந்த நிரலும் பழையதில் ஏறாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போனது. சரிசெய்ய அரை மணி நேரம்: டாக்கரில் (லேப்டாப்புக்குள்ளேயே ஒரு தனி அறை மாதிரி) ஒரு டெபியன் 11, அதற்குள் கிராஸ் கம்பைலர், ஆர்ம் கட்டமைப்புக்கான லிப்மாட்பஸ் (மாட்பஸ்ஸுக்கு), மஸ்கிட்டோ (எம்க்யூடிடிக்கு) நூலகங்கள். போர்டில் என்ன டெபியனோ அதே டெபியனில்தான் இனி சமையல் என்று முடிவெடுத்தேன்.

அதற்கு முன்னால் இரண்டு குறுக்குவழிகளை முயன்று பார்த்தேன். ஒன்று, எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஸ்டாட்டிக் பைனரி. ஜிலிப்சியில் இது பாதி வேலைதான் செய்யும். பெயரை முகவரியாக மாற்றும் பகுதி ஓடும் நேரத்தில் போர்டில் இருக்கிற நூலகத்தைத் தேடும். இணைக்கும்போது எச்சரிக்கையும் வரும். இரண்டாவது, ஜிலிப்சிக்கு மாற்றான மசல் நூலகத்துக்கான கம்பைலர். ஓட்டினால் அப்படியொரு கோப்பே இல்லை என்றது. பட்டியலிட்டால் கோப்பு இருக்கிறது, அனுமதி இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது! இல்லாமல் போனது என் கோப்பு இல்லை, அதை ஏற்றிவிட வேண்டிய லோடர். ஒவ்வொரு டைனமிக் பைனரிக்குள்ளும் லோடரின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். மசல் லோடரின் பாதை வேறு, அது டெபியனில் இல்லை. கெர்னல் சொல்லும் பிழையில் எந்தக் கோப்பு என்ற விவரம் வராது. இந்தப் பிழையைப் பார்த்தவுடனே பைனரியைப் பிரித்துக் காட்டும் ரீட்எல்ஃப் எடுத்து லோடர் பாதையைப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

நண்பன் என் பைனரியை வாங்கித் தன் ராஸ்பெரி பை ஜீரோவில் போட்டுப் பார்த்து, சட்டவிரோதக் கட்டளை என்று விழுகிறது என்றான். பை ஜீரோவின் சிப் ஆர்ம் 6-ஆம் பதிப்பு. டெபியன் கம்பைலர் உருவாக்குவது 7-ஆம் பதிப்புக்கு. பெயரில் இரண்டுமே ஆர்ம் ஹார்ட் ஃபுளோட் என்பதால் ஏமாந்து போகிறோம்.

சரி, மேசையில் ஓடியது. மீட்டருக்குப் பதிலாக லேப்டாப்பில் ஒரு போலி மீட்டர் நிரல் எழுதி, இரண்டு நாள் விடாமல் ஓட்டினேன். ஒரு பிழை இல்லை. பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் பயணம். மீட்டர் திரையில் 231 வோல்ட் ஓடுகிறது, என் நிரல் 0.00 என்கிறது. மூன்று மீட்டரும் அப்படியே. தொடர்பு அறுந்திருந்தால் பிழை வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. மாட்பஸ்ஸில் ஒரு ரெஜிஸ்டருக்கு 16 பிட்தான். மீட்டர்கள் அளவுகளை 32 பிட் தசம எண்ணாக, இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரித்து வைக்கும். ஒரு ரெஜிஸ்டருக்குள் எந்த பைட் முதலில் என்று நெறிமுறை சொல்கிறது. இரண்டு ரெஜிஸ்டரில் எது முதலில் என்று சொல்வதில்லை. அது மீட்டர் செய்கிறவர் பாடு. 230 என்ற எண் பதினாறடிமானத்தில் 4366 0000. அதை மாற்றி 0000 4366 என்று படித்தால் வருவது, புள்ளிக்குப் பின் 40 சுழி போட்டுத் தொடங்குகிற ஒரு துக்கடா எண். இரண்டு தசம இடத்தில் அச்சிட்டால் 0.00. லிப்மாட்பஸ்ஸில் நான்கு விதமான வரிசைக்கும் தனித்தனிச் சார்பு இருக்கிறது. பெயரில் நான்கு எழுத்துகளை இடம் மாற்றினால் முடிந்தது.

ஆனால் இரண்டு நாள் சோதனையில் ஏன் தெரியவில்லை? போலி மீட்டரை எழுதியவனும் நான், படிக்கும் நிரலை எழுதியவனும் நான். இரண்டு தப்பும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓடியிருக்கின்றன.

பீகிள்போனில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் அன்று கைகொடுத்தது. யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகினால் போதும், அதுவே ஒரு நெட்வொர்க் ஆகிவிடும். 192.168.7.2-க்கு உள்ளே போகலாம். மீட்டர் பேனலுக்குப் பக்கத்தில் நார்மூட்டை மேல் உட்கார்ந்து கம்பைல் செய்து, ஏற்றி, சரிபார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். சுவரில் பெட்டியை மாட்டினோம். அண்ணன் போனில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்து, “பரவால்லீங்களே தம்பி” என்றார்.

நான்கு நாள் கழித்துப் போன். “தம்பி, உங்க பொட்டி படுத்துக்கிச்சுங்க.”

இரண்டாவது பயணத்துக்குக் காரணம் ஒரு பெயர். இந்தப் போர்டில் சாதனங்களைச் செருகும் யுஎஸ்பி துளை ஒன்றுதான், அதனால் தனி மின்சாரம் வாங்கும் ஒரு ஹப் வைத்து, அதில் ஆர்எஸ்-485 மாற்றியையும் 4ஜி டாங்கிளையும் செருகியிருந்தேன். லினக்ஸ் இவற்றுக்குக் கண்டுபிடித்த வரிசையில்தான் எண் கொடுக்கும். வீட்டில் எப்போதும் மாற்றி முதலில் எழும், அதற்குச் சுழி. டாங்கிள் 1, 2, 3. மில்லில் மின்சாரம் போய் வந்தபோது டாங்கிள் முந்திக்கொண்டது. என் நிரல் மோடமிடம் போய் வோல்டேஜ் எவ்வளவு என்று நாள் முழுக்க மாட்பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பாவம், அது என்ன சொல்லும்.

செருகிய சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ்வில் விதி ஒன்று எழுதினேன்: இந்த நிறுவன எண், இந்தச் சாதன எண் கொண்டது செருகப்பட்டால் அதற்கு மீட்டர் என்று ஒரு நிலையான பெயர் வை. நிரல் அந்தப் பெயரைத்தான் திறக்கும். விலை குறைந்த மாற்றிகளில் இருக்கும் சிஎச்340 சிப்புக்குப் பெரும்பாலும் வரிசை எண் கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வகையில் இரண்டு மாற்றி வைத்தால் எது எது என்று பிரிக்க முடியாது. ஹப்பின் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் வைக்க வேண்டியிருக்கும்.

யுஎஸ்பி மாற்றி எதற்கு, போர்டிலேயே சீரியல் பின்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அந்தப் பின்கள் 3.3 வோல்ட். கடையில் சுலபமாகக் கிடைக்கும் மேக்ஸ்485 பலகை 5 வோல்ட். நேராகக் கோர்த்து ஒரு போர்டைக் கொன்ற அனுபவம் எனக்கு உண்டு. 3.3 வோல்ட் பலகையே வாங்கினாலும், போர்டு முழுதாக எழுவதற்கு முன் எந்தப் பின்னிலும் வெளியிலிருந்து மின்னழுத்தம் வரக்கூடாது என்று இதன் கையேடு சொல்கிறது. மில்லில் எது முன்னால் எழும், எது பின்னால் எழும் என்று யார் காவல் காப்பது?

மூன்றாவது பயணம் இரண்டே வாரத்தில். நிரல் ஓடவில்லை, போர்டு நன்றாக இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் நான் நிமிடத்துக்கு ஒரு தடவை யூனிட் கணக்கு எழுதிவைக்கும் கோப்பு சுழி பைட். நான் எழுதிய விதம் அப்படி: கோப்பை எழுதுவதற்காகத் திறப்பது, திறந்த நொடியில் அது காலியாகிவிடும், பிறகு எழுதுவது, மூடுவது. எழுதியது உடனே இஎம்எம்சியில் போய் உட்கார்ந்துவிடாது, கெர்னல் ரேமில் வைத்துக்கொண்டு தன் சௌகரியத்துக்கு எழுதும். காலி செய்ததற்கும் புதியது போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் மின்சாரம் போயிருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு தடவை சூதாடினால் ஒரு நாள் தோற்கத்தானே வேண்டும்.

காலிக் கோப்பைப் படித்து நிரல் விழுந்தது, அது என் தப்பு. ஆனால் விழுந்தால் தூக்கிவிடச் சொல்லி, சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியிடம் எழுதிவைத்திருந்தேனே? அது தூக்கிவிட்டிருக்கிறது, ஐந்து தடவை. இயல்பாக 10 நொடிக்குள் 5 தடவைக்கு மேல் தொடங்கினால் இது தேறாது என்று கைவிட்டுவிடும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் அது காத்திருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதாவது என் நிரல் ஒரே நொடிக்குள் ஐந்து தடவை விழுந்து எழுந்து, பிறகு மூன்று நாள் யாரும் சீண்டாமல் கிடந்திருக்கிறது. கைவிடும் எல்லையை நீக்கி, நடுவில் 10 நொடி இடைவெளி வைத்தேன். ஆள் இல்லாத இடத்தில் நிற்கும் பெட்டி முயற்சியைக் கைவிடுவதில் அர்த்தமே இல்லை.

கோப்பு எழுதும் முறையையும் மாற்றினேன். வேறு பெயரில் முழுதாக எழுதி, அதை உடனே இஎம்எம்சியில் சேர்க்கச் சொல்லும் எஃப்சிங்க் கொடுத்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றி, அந்த அடைவுக்கும் ஒரு எஃப்சிங்க். மின்சாரம் எந்த நொடியில் போனாலும் பழைய கணக்கு முழுதாக இருக்கும், இல்லையென்றால் புதிய கணக்கு முழுதாக இருக்கும். அதோடு நிற்காமல் வீட்டில் ஒரு ஆர்டுயினோவும் ரிலேயும் வைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். ராத்திரி எட்டு மணி நேரத்தில் 160 தடவை. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு பஸ் டிக்கெட் மிச்சமாகியிருக்கும்.

இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று அமைப்பு மொத்தமும் இருக்கும் ரூட் கோப்பு முறைமையையே படிக்க மட்டும் என்று பூட்டி, லாக்குகளை ரேமுக்கு அனுப்பி, கணக்குக் கோப்புக்கு மட்டும் தனிப் பகிர்வு வைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் நான்காவது பயணத்துக்கு வித்து.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டார். “ஏனுங் தம்பி, மோட்டார் அறுவத்தொரு நாளா சும்மா சுத்துதுன்னு சேதி வந்துருக்குதுங்க. போன வாரந்தானுங்க நிறுத்திப்போட்டுப் பேரிங் மாத்துனோம்.” அதே நேரத்தில் சர்வருக்குத் தரவு வருவதும் நின்றிருந்தது.

பீகிள்போனில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால் நேரம் போச்சு. சிஸ்டம்டியில் நேரம் ஒத்திசைக்கும் சேவை இதற்கு ஒரு சின்னத் தந்திரம் வைத்திருக்கிறது. தெரிந்த கடைசி நேரத்தை ஒரு கோப்பின் தேதியாகப் பதிந்துவைத்து, அடுத்த பூட்டில் அங்கிருந்து தொடங்கும். அந்தக் கோப்பு இருப்பது ரூட்டில். ரூட்டை நான் பூட்டிவிட்டேன். ஆக ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பெட்டி நான் பூட்டிய அந்த நாளிலேயே கண் விழித்திருக்கிறது. இணையம் வந்து நேரம் சரியாகும்வரை ஒன்றிரண்டு நிமிடம் அது பழைய காலத்தில் வாழும். இவ்வளவு நாள் அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அந்த வாரம் சர்வரின் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருந்தது; 90 நாள் செல்லும் இலவசச் சான்றிதழ். இரண்டு மாதம் பின்னால் நிற்கும் பெட்டிக்கு அது எதிர்காலத்தில் வழங்கப்படப்போகிற சான்றிதழ். இன்னும் செல்லுபடியாகவில்லை என்று இணைப்பை மறுத்தது. சான்றிதழ்ப் பிழை என்றால் நிரந்தரப் பிழை, மறுபடி முயல வேண்டாம் என்று புத்திசாலித்தனமாக எழுதியிருந்தேன்.

சேதி அனுப்பும் பகுதி தனி. அது ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு எடுப்பதால் தப்பித்தது. தப்பித்து என்ன, மோட்டார் வெற்றாக ஓட ஆரம்பித்த நேரத்தை அது சுவர்க் கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொண்டது. நடுவில் கடிகாரம் 61 நாள் தாவியது. கழித்துப் பார்த்தால் 61 நாள்! லினக்ஸில் பின்னாலும் போகாத, தாவவும் தாவாத ஒரு கடிகாரம் தனியாக இருக்கிறது, பெயர் மோனோடோனிக். இடைவெளி அளக்க அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை.

நிரலில் இரண்டையும் திருத்தினேன். ஆனால் பழைய காலத்தில் விழிப்பதே தப்பு என்பதால் டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை ஐ2சி பின்களில் கோர்த்தேன். அதிலும் இரண்டு பொறி. நீல நிறத்தில் பரவலாகக் கிடைக்கும் பலகையில் சார்ஜ் ஆகும் பேட்டரிக்கான சுற்று இருக்கிறது. சாதாரண சிஆர்2032 போடுவதானால் அந்தச் சார்ஜ் சுற்றின் ரெசிஸ்டரை எடுத்துவிடுவது நல்லது. அடுத்தது, ஏஎம்3358-க்குள்ளேயே பேட்டரி இல்லாத ஒரு கடிகாரம் இருக்கிறது. அது முதல் கடிகாரமாகப் பதிவாகிவிடும், நாம் வாங்கிக் கோர்த்தது இரண்டாவதாகும். பூட் ஆகும்போது கெர்னல் முதலாவதைத்தான் கேட்கும். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் வரிசையை மாற்றிச் சொன்ன பிறகுதான் சரியான நேரத்தில் எழுந்தது.

இந்தப் பயணத்திலேயே வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் ஒன்றும் போட்டேன். இனி வீட்டிலிருந்தே உள்ளே போகலாம். வயர்கார்டின் கைகுலுக்கலில் நேர முத்திரை உண்டு. பெட்டியின் கடிகாரம் பின்னால் போயிருந்தால் மறுமுனை அதைப் பழைய சேதியின் நகல் என்று நினைத்துத் தள்ளிவிடும். டிஎஸ்3231 இல்லாமல் இதைப் போட்டிருந்தால் வேறொரு கூத்தைப் பார்த்திருப்பேன்.

வீட்டிலிருந்து அப்டேட் செய்ய முடிந்ததும் கை சும்மா இருக்குமா. ஓடிக்கொண்டிருக்கும் பைனரி மேலேயே எஸ்சிபியில் நகலெடுத்தால் கோப்பு உபயோகத்தில் இருக்கிறது என்று மறுக்கும். பழையதை அழித்துவிட்டு அனுப்பினால் பாதியில் 4ஜி அறுந்து அரைப் பைனரி நிற்கும். அதனால் பதிப்புக்கு ஒரு அடைவு, ஹாஷ் சரிபார்ப்பு, கடைசியில் நடப்புப் பதிப்பைக் காட்டும் சிம்லிங்க்கை மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். சிம்லிங்க்கை வலுக்கட்டாயமாக மாற்றும் கட்டளையின் முந்தைய பதிப்புகள் உள்ளுக்குள் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடும், நடுவில் ஒரு இமைப்பொழுது எதுவும் இருக்காது. தற்காலிகப் பெயரில் உருவாக்கி அதன் மேல் நகர்த்தினால் அந்த இடைவெளி இல்லை. 160 மின்வெட்டு பார்த்தவன் என்பதால் இதிலெல்லாம் கண் போகிறது.

நிரலோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூட் பூட்டைத் திறந்து, கெர்னல் உட்பட எல்லாப் பொதிகளையும் அப்டேட் செய்யத் தொடங்கினேன். பாதியில் ஆனைமலையில் கரண்ட் கட்.

ஐந்தாவது பயணம். இந்தத் தடவை பையில் 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிளும் பூட் ஆகும் எஸ்டி கார்டும். போர்டில் ஆறு பின் கொண்ட சீரியல் முனையில் கோர்த்து 115200-இல் பார்த்தால், கெர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் வருகிறது, புது கெர்னலின் பெயரைச் சொல்கிறது, அத்தோடு நிற்கிறது. பூட் அமைப்புக் கோப்பில் புதிய பெயர் ஏறிவிட்டது, கூடவே இருக்க வேண்டிய கோப்பு அரைகுறை. பூட் பொத்தானை அமுக்கிக்கொண்டே மின்சாரம் கொடுத்து எஸ்டி கார்டிலிருந்து எழுப்பி, பெயரைப் பழைய கெர்னலுக்கு மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. போக வர ஐந்து மணி நேரம்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் டெபியனை விடுவது என்று முடிவெடுத்தேன். டெபியன் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும் கணினிக்கான ஏற்பாடு அது. இருக்கிற அமைப்பின் மேலேயே பொதி பொதியாக எழுதும். எனக்குத் தேவைப்பட்டது, மொத்த அமைப்பும் ஒரே உருண்டையாக இருந்து, முழுசாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் மாறுகிற ஏற்பாடு.

பில்ட்ரூட் எடுத்தேன். கெர்னல், யூ-பூட், சி நூலகம், பிசிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகள்), என் நிரல், அதற்கான கம்பைலர் எல்லாவற்றையும் மூலத்திலிருந்து கட்டி ஒரு படமாக (டிஸ்க் இமேஜ்) தரும். பீகிள்போனுக்குத் தயாரான அமைப்பு அதிலேயே இருக்கிறது. என் நிரலைத் தனி அடைவில் ஒரு பொதியாக எழுதிச் சேர்த்தேன், சிஸ்டம்டியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டேன். முதல் நாள் கிழவி லேப்டாப் ராத்திரி முழுக்க விசிறி அலறக் கட்டியது. ஜிலிப்சி தலைவலி அதோடு தீர்ந்தது; கம்பைல் செய்யும்போது இணைக்கிற நூலகமும் போர்டில் இருக்கிற நூலகமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். குறை சொல்வதானால், அமைப்பில் ஒரு பொதியை நீக்கிவிட்டு மறுபடி கட்டினால் முன்பு கட்டியதை அது துடைப்பதில்லை. பெரிய மாற்றம் என்றால் முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். ஆரம்பத்தில் இது தெரியாமல், நீக்கிய பொதி இன்னும் படத்தில் இருக்கிறதே என்று குழம்பினேன்.

4 ஜிபியில் இரண்டு ரூட் பகிர்வுகள், அ மற்றும் ஆ. அ-வில் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய படம் ஆ-வில் எழுதப்படும். இதைப் பார்த்துக்கொள்வது ராக் என்ற கருவி; கையொப்பம் இல்லாத படத்தைத் தொடாது. எழுதி முடித்த பிறகு யூ-பூட்டின் மாறிகளில் ஆ-வுக்கு முதலிடம், மூன்று வாய்ப்பு என்று குறித்துவிட்டு ரீபூட். யூ-பூட் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வாய்ப்பைக் கழிக்கும். ஆ எழுந்து, மூன்று மீட்டரையும் படித்து, சர்வரை எட்டினால்தான் என் நிரல் இது நல்ல பதிப்பு என்று முத்திரை குத்தும். மூன்று தடவையும் முத்திரை விழவில்லை என்றால் தானாக அ-வுக்குத் திரும்பும். எழுதும்போது கரண்ட் போனால்? போகட்டும், அ-வைத்தான் யாரும் தொடவில்லையே.

இதில் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது யூ-பூட் மாறிகள் இருக்கும் இடம். லினக்ஸிலிருந்து அவற்றைப் படிக்கும் கருவிக்கு, இஎம்எம்சியில் எந்த இடம், எத்தனை பைட் என்று ஒரு கோப்பில் சொல்ல வேண்டும். யூ-பூட்டில் ஒரு இடம், நான் எழுதியது வேறு இடம். கருவி சரிபார்ப்புத் தொகை தவறு, இயல்பு மதிப்புகளைக் காட்டுகிறேன் என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு நல்ல பிள்ளையாக மாறிகளைக் காட்டியது. அந்த ஒரு வரியைப் படிக்காமல் பட்டியலை மட்டும் பார்த்தேன்.

பிறகு வாட்ச்டாக் என்ற காவல் டைமர். சிப்பில் இருக்கும் வாட்ச்டாக்கை சிஸ்டம்டி தட்டிக்கொண்டே இருக்கும், அது உறைந்தால் போர்டு ரீசெட். என் நிரல் சிஸ்டம்டியைத் தட்ட வேண்டும், மீட்டர் சுற்று ஒன்று முடிந்தால் மட்டும். சர்வர் எட்டவில்லை என்பதற்காக ரீபூட் செய்யும்படி முதலில் வைத்திருந்தேன். டவர் பழுதான ஒரு நாள் பெட்டி கால் மணிக்கு ஒரு தடவை ரீபூட் ஆகி, சேர்த்துவைக்க வேண்டிய அளவுகளையும் தவறவிட்டது. இப்போது நெட் இல்லை என்றால் டாங்கிளின் மின்சாரத்தை மட்டும் ஹப்பில் ஒரு தடவை பிடுங்கிச் செருகும். மற்றபடி கணக்கைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு தொல்லைக்கு மட்டும் பஸ் ஏறவில்லை. அண்ணனின் சம்பந்தி ஒருவர் தன் மில்லுக்கும் ஒன்று கேட்டார். ஓடும் பெட்டியின் இஎம்எம்சியை அப்படியே நகலெடுத்து இரண்டாவது போர்டில் போட்டேன். வீட்டில் அதற்கு மின்சாரம் கொடுத்ததும் சர்வரில் ஆனைமலைப் பெட்டி சில நொடிக்கு ஒரு தடவை வந்து வந்து போகத் தொடங்கியது. எம்க்யூடிடியில் ஒரே அடையாளப் பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளை வெளியே தள்ள வேண்டும் என்பது விதி. நான் அடையாளத்தை லினக்ஸின் மெஷின் ஐடியிலிருந்து எடுத்திருந்தேன். நகலெடுத்ததில் அதுவும் நகலாகிவிட்டது, எஸ்எஸ்எச் சாவிகளும்கூட. இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. இப்போது படத்தில் மெஷின் ஐடி காலியாக இருக்கும், சாவிகள் முதல் பூட்டில் உருவாகும், எம்க்யூடிடி பெயர் போர்டின் ஈப்ராம் என்ற சிறு நினைவகத்தில் தயாரிப்பின்போதே எழுதிய வரிசை எண்ணிலிருந்து வரும்.

அதற்கப்புறம் மூன்று மாதம் போன் வரவில்லை. பதிப்புகள் நான்கைந்து வீட்டிலிருந்தே போயின. ஒரு தடவை வேண்டுமென்றே உடைந்த படத்தை அனுப்பிப் பார்த்தேன். மூன்று முயற்சி, பிறகு பழையதற்குத் திரும்பி வந்து நின்றது.

ஆறாவது பயணம் சென்ற மாதம். மீட்டர் அளவுகள் வருகின்றன, நடுநடுவே அரை மணி நேரம் காணோம், பிறகு வருகின்றன. லாக்கில் ஹப் கழன்றது, ஹப் சேர்ந்தது, கழன்றது, சேர்ந்தது. யூடெவ், கெர்னல் டிரைவர், மின்சாரச் சேமிப்பு அமைப்பு என்று வீட்டிலிருந்தே ஒரு வாரம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நேரில் போனேன். மட்டை நசுக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் சுவர் அதிர்கிறது, ஹப்பின் செருகி மயிரிழை மயிரிழையாக வெளியே வருகிறது. துளைக்குள் விரல் வைத்தால் நார்த்தூள்.

பூட்டும் திருகு வைத்த யுஎஸ்பி கேபிள் எங்கே கிடைக்கும் என்று நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன். மில் ஃபோர்மேன் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு அறுத்து எடுத்து வந்து, செருகியையும் போர்டையும் சேர்த்து இழுத்து ஒரு கட்டுக் கட்டினார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இன்னொரு துண்டை மடித்து வைத்துத் திருகை முடுக்கினார். லாக்கில் அதற்குப் பிறகு ஹப் ஒரு தடவைகூடக் கழலவில்லை. சம்பந்தி மில்லுக்குப் போகும் பெட்டிக்கும் அதே டியூபில் ஒரு துண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.